சரிபார்ப்பதற்காக ஒரு போன்

பொய் சொல்பவர்களைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அலுவலகத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். "அந்த மேடம்கிட்ட மட்டும் கதை விடாதே" என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பழைய பிள்ளைகள் எச்சரிப்பது என் காதிலேயே விழும். விழுந்ததும் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். இதில் சொல்லப்போவது எல்லாம் அந்த நினைப்பு செய்த வேலைதான்.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் எங்கள் அலுவலகம். சாதாரண ஜனங்களுக்கு அன்றாடம் வருகிற சட்டப் பிரச்சினைகள் என்னென்ன, வந்தால் யாரிடம் போகிறார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது வேலை. மேலே பெரிய படிப்புப் படித்தவர்கள் இருந்தார்கள். கீழே டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைகிற பிள்ளைகள் இருந்தார்கள். நடுவில் நான், மேற்பார்வையாளர்.

இந்த வேலையில் முதல் வாரமே ஒன்று புரிந்துவிடும். "உங்களுக்குச் சட்டப் பிரச்சினை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "எங்க வம்சத்துலயே யாரும் கோர்ட்டு வாசலை மிதிச்சதில்லைங்க" என்று பெருமையாகச் சொல்லி மோர் கொடுப்பார்கள். மோரைக் குடித்துக்கொண்டே பட்டா யார் பேரில் இருக்கிறது, முதியோர் பென்ஷன் வருகிறதா, பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒரே வீட்டில் ஐந்து பிரச்சினை கிடைக்கும். அதற்குப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஏதாவது டீக்கடையில் உட்கார்ந்து தாங்களே பதில் போட்டுவிடுவார்கள். அப்படிப் பன்னிரண்டு வீட்டை ஒரே பெஞ்சில் முடித்தவரை நான் பிடித்திருக்கிறேன்.

பிடிப்பதற்கு வழி, பேக் செக். பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்து, அவர்கள் கொடுத்த நம்பருக்கு நான் போன் போடுவேன். ஆள் வந்தாரா, எவ்வளவு நேரம் பேசினார், டேப்லெட் வைத்திருந்தாரா என்று மூன்று கேள்வி. கூட ஒரு சின்ன விஷயம், வீடு ஓடா, மாடியா என்பதுபோல. அதற்கெல்லாம் முன்னால், பேசுகிறவர் யார், பதில் சொன்னவருக்கு என்ன உறவு என்று கேட்க வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த தாளில் அதுதான் முதல் வரி. ஒட்டியவள் நான்தான்.

அந்த ஐப்பசியில் பாபநாசத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் வேலை நடந்தது. அனுப்பியிருந்த பெண்களில் ஒருத்தி பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கத்துக்காரி. நாற்றுப் பறிக்கவும் நடவு நடவும் போகிற அப்பா அம்மாவுக்குப் பிறந்து, சமூகப் பணியில் எம்.ஏ. முடித்தவள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி. அதிகம் பேச மாட்டாள். ஆனால் அவள் போன வீடுகளில் எல்லோரும் பேசினார்கள். மற்றவர்கள் முக்கால் மணி நேரத்தில் முடிப்பதை அவள் இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டு வருவாள். எனக்கு அதுவே சந்தேகம். அவ்வளவு நேரம் யார் வாய் திறந்து பேசுவார்கள்?

அன்று மத்தியானம் புளிசாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் அனுப்பிய ஒரு வீட்டின் ஃபாரத்தைத் திறந்தேன். நாற்பது வயதுப் பெண். திருமணமானவர். அப்பா வாங்கிய ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். இவரும் தம்பியும்தான் வாரிசு. தம்பி விடுதலைப் பத்திரம் கேட்கிறார், அதாவது என் பங்கு எனக்கு வேண்டாம் என்று அக்கா எழுதிப் பதிவு செய்துகொடுக்க வேண்டும். அக்காவுக்கு மனமில்லை.

இதுவரை ஊரில் நடப்பதுதான். எங்கள் பக்கத்தில் பெண்கள் பங்கு கேட்பதில்லை. கேட்டால் பொங்கல் சீர் நின்றுபோகும், பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அதனால் பெரும்பாலும் நல்ல நாள் பார்த்து, சேலை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். போடமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு.

இந்தப் பெண் இரண்டுமே செய்யவில்லை. பழைய மூலப்பத்திரம் இல்லாமல் பதிவு செய்ய மாட்டார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். அப்பாவின் பெட்டியிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்து ஒளித்துவிட்டு, தொலைந்துவிட்டது என்று தம்பியோடு சேர்ந்து தானும் எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார். பரணில் ஏறித் தேடினாராம். கோயிலில் வேண்டுதல் சீட்டு எழுதிக் கட்டினாராம். பத்திரம் காணோம் என்று போலீஸில் சான்றிதழ் வாங்கத் தம்பி அலைய, வெயிலில் போகிறாயே என்று இவர் குடை எடுத்துக் கொடுத்தாராம். "முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. அந்தக் காயிதம் காணாம இருக்குற வரைக்கும் நான் முடியாதுன்னு சொல்ல வேணாம்" என்று அவர் சொன்னதை எங்கள் பெண் வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருந்தாள்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சினிமா பார்த்து எழுதியிருக்கிறாள், மாட்டினாள் என்று நினைத்தேன். சோற்றுக் கையை டிபன் மூடியில் வழித்துவிட்டு, இடது கையால் நம்பரைப் போட்டேன்.

ஆண் குரல் எடுத்தது. பின்னால் பம்புசெட் ஓடுகிற சத்தம். தஞ்சாவூரிலிருந்து சர்வே விஷயமாகப் பேசுகிறோம் என்றேன். கேள்வி கேட்க எங்கள் பெண் வந்தாளா என்றேன்.

"வந்துச்சுங்க மேடம். ரொம்ப நேரம் இருந்துச்சு. அவங்க களை எடுக்கப் போயிருக்காங்க. என்ன வேணும், எங்கிட்ட சொல்லுங்க."

ஃபாரத்தில் திருமணமானவர் என்று இருக்கிறது. ஆண் பேசுகிறார். புருஷன்தான் என்று எடுத்துக்கொண்டேன். என்ன உறவு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு விநாடி ஆகியிருக்கும். வீடு ஓடா மாடியா என்பதையும் கேட்கவில்லை. எனக்குப் பொய்யைப் பிடிக்கிற அவசரம். நேரே அதற்கே போனேன்.

"உங்க மச்சான் நிலத்துக்கு விடுதலைப் பத்திரம் கேக்குறாராம். பழைய பத்திரம் தொலைஞ்சுபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லிவச்சிருக்காங்க, ஆனா நிஜமா அது உங்க வீட்டம்மாகிட்டதான் இருக்குன்னு எங்க பொண்ணு எழுதியிருக்கு. இது சரிதானா, இல்ல அவளா எழுதிக்கிட்டாளா?"

அவர் பம்புசெட்டை நிறுத்துவது கேட்டது.

"சரிதாங்க மேடம்," என்றார். பிறகு, "எங்க வச்சிருக்காங்கன்னும் எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "அது உங்க வீட்டு விஷயம் சார். எனக்கெதுக்கு?" என்றேன். அவரும் லேசாகச் சிரித்தார். ரொம்ப நன்றி என்று சொல்லி வைத்தார். எல்லாம் பொருந்துகிறது என்று மூன்று டிக் போட்டுவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலையில் அந்தப் பெண் அலுவலகம் வந்தாள். நான் பெருந்தன்மையாக, "உன்னை நான் தப்பா நினைச்சுட்டேன். உன் ஃபாரம் எல்லாம் சுத்தமா இருக்கு, அந்தப் பத்திரக் கதை உள்பட" என்றேன்.

அவள் முகம் மாறியது. "யாருக்கா பேசினாங்க?"

"அவங்க வீட்டுக்காரர்தான்."

"அவங்களுக்கு வீட்டுக்காரரே இல்லக்கா. அவரு திருப்பூர்ல வேற குடும்பம் வச்சு ஏழு வருஷம் ஆகுது. விவாகரத்து ஆகல. கணவரை இழந்தவர்னும் போட முடியாது. வேற கட்டம் இல்ல, அதனால திருமணமானவர்னு போட்டேன். அவங்க தம்பி வீட்டுலதான் இருக்காங்க. அது தம்பி நம்பர்."

டேப்லெட்டை வாங்கி, ஃபாரத்தின் கடைசியில் குறிப்பு என்று ஒரு பக்கம் உண்டு, அதைத் திறந்து காட்டினாள். 'இந்த வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம். நம்பர் தம்பியுடையது. சரிபார்ப்பதானால் நேரில், அவர் இல்லாத நேரத்தில்.' பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் வெயிலையும் நாயையும் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள் என்று அதைத் திறந்து பார்ப்பதையே நான் விட்டிருந்தேன்.

"நான் இப்பவே கிளம்புறேன்க்கா. கும்பகோணம் பஸ்ஸைப் பிடிச்சா ஒரு மணி நேரத்துல பாபநாசம். அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா, அந்தக் காயிதத்த வேற எங்கயாவது மாத்திடுவாங்க."

போ என்று சொல்லியிருக்க வேண்டும். நானும் கூடவே ஏறியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "இப்ப நீ போய் நின்னா அவருக்குச் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாகும். அந்தம்மாவுக்குத்தான் கஷ்டம். ஒண்ணும் ஆகாது, விடு" என்றேன். கேட்பதற்கு விவேகமாக இருந்தது. உள்ளே இருந்தது பயம். அவள் போனால் ஊரில் பேச்சாகும், பேச்சு மேலே போகும், பேக் செக்கில் யார் என்ன கேட்டார்கள் என்று பதிவை எடுப்பார்கள். அன்று மத்தியானமே அவளைப் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் கிராமங்களுக்கு மாற்றினேன். உன் ஊர்ப்பக்கம்தானே, வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அங்கிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிட்டாள். "அக்கா, ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியல. நீ வேலையப் பாரு." தெரிந்துகொள்ள நான் ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் என்னைக் கேட்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். அந்த அக்கா கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாராம். இவளைப் பார்த்ததும் எழுந்து, "உன்னை நம்பித்தானே வாயத் தொறந்தேன். ரெண்டு மணி நேரம் எம் பக்கத்துல உக்காந்து கேட்டியே. நல்லா இருப்பியா நீ?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். பதிவு அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே முடிந்திருந்தது.

திங்கட்கிழமை என்னிடம் வந்து இதை நிதானமாகச் சொன்னாள். "போன் போட்டது நான்தான்னு சொல்லியிருக்கலாமே நீ" என்றேன்.

"சொன்னா என்னக்கா? அவங்க சொன்னது எங்கிட்ட. அவங்களுக்குத் தெரிஞ்சது என்னைத்தான்."

மாதக் கடைசியில் வேலையை விட்டாள். காரணம் என்ற இடத்தில் சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்தாள். நான் அதில் கையெழுத்துப் போட்டேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் போகிறாளே என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகவும் வெட்கப்பட்டேன், ஆனால் நிம்மதி முதலில் வந்தது.

இந்த ஆராய்ச்சிக்கு இரண்டாம் சுற்று ஒன்று உண்டு. அதே வீடுகளுக்கு மறுபடியும் போய், முன்பு சொன்ன பிரச்சினை என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்து கிடந்த சமயத்தில் ஆரம்பித்தது. பாபநாசத்து வீட்டை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நானே போனேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். வேறு யாராவது போனால் என்ன எழுதிக்கொண்டு வருவார்களோ என்ற பயமும் அதில் இருந்தது.

தம்பி வாசலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். கொடுமைக்காரராக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். மரியாதையான மனிதர். நாற்காலி எடுத்துப் போட்டு, அக்கா கொல்லையில் இருக்கிறார் என்று சொல்லி, மூட்டை ஏற்றக் கிளம்பிவிட்டார். கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. அந்த அக்கா என்னை உட்காரச் சொன்னார். உள்ளே அவர் மகள் படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை.

டேப்லெட்டைத் திறந்து, ஆரம்பத்தில் எல்லோருக்கும் படிக்க வேண்டிய பத்தியைப் படிக்கத் தொடங்கினேன். நீங்கள் சொல்வது எதையும் வேறு யாரிடமும் சொல்ல மாட்டோம் என்ற வரி அதில் வரும். அந்த வரிக்கு வருவதற்குள் அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"போன்ல பேசினது நீங்கதானே?"

டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"தம்பி போன்ல பேசுறதெல்லாம் தானா ரெக்கார்டு ஆவும் மேடம். என்னை எதிர்ல உக்கார வச்சுப் போட்டுக் காட்டினான். மூணு தடவை போட்டான். சிரிச்சீங்க, அதுகூட இருக்கு."

நான்தான் என்றேன். உங்கள் வீட்டுக்காரர் என்று நினைத்துப் பேசிவிட்டேன் என்றேன். அந்தப் பெண் போன் செய்யவேண்டாம் என்று எழுதியிருந்தாள், நான் படிக்கவில்லை, அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அழுததில் எனக்குத்தான் பாரம் குறைந்தது, அவருக்கு ஒன்றும் குறையவில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"அந்தப் பொண்ணை என்னென்னமோ சொல்லிட்டேன்," என்றார் அவர். "பாத்தா சொல்லுங்க."

பிறகு நடந்ததைச் சொன்னார். தம்பி அடிக்கவில்லை, கத்தவில்லை. ரெக்கார்டைப் போட்டுவிட்டு, பத்திரத்தை எடு என்றார். இவர் எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். சார் பதிவாளர் அலுவலகத்தில், முழுச் சம்மதத்தோடு போடுகிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். போட்டோ எடுத்தார்கள். கைரேகை வைத்தார்கள். வரும் வழியில் இவர் மகளுக்கென்று தம்பி அல்வா வாங்கிக் கொடுத்தார்.

"கேள்வியெல்லாம் கேளுங்க. வந்த வேலை ஆவட்டும்."

கேட்டேன். பிரச்சினை இப்போது எந்த நிலையில் இருக்கிறது? தீர்ந்துவிட்டது. எப்படித் தீர்ந்தது? கட்டங்களைப் படித்தேன். நீதிமன்றம், பஞ்சாயத்து, காவல் நிலையம், குடும்பத்துக்குள் பேசி.

"பேசித்தான்," என்றார்.

குடும்பத்துக்குள் பேசித் தீர்ந்தது என்று டிக் போட்டேன்.

கிளம்புகிறபோது வாசற்படி வரை வந்தவர், மகள் காதில் விழாதபடி கேட்டார். "கையெழுத்துப் போட எனக்கு மனசில்லன்னு நான் அன்னிக்கே சொன்னதெல்லாம் உங்ககிட்ட எழுத்துல இருக்குல்ல மேடம்?"

"இருக்கு."

"தேதி போட்டிருக்குமா?"

"போட்டிருக்கும்."

"பாப்பா ஒரு வேலைக்குப் போற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். அதுக்கப்புறம், சம்மதமில்லாம மிரட்டி வாங்கினதுன்னு கேஸ் போட்டேன்னா, நீங்க அதை எடுத்துட்டு வந்து கோர்ட்டுல சொல்லுவீங்களா? நீங்க போன் பண்ணினதையும் சேர்த்துத்தான்."

"அது வந்துங்க, நீங்க சொன்னதெல்லாம் ரகசியம். வெளியில கொடுக்கக் கூடாது" என்று என் வாயிலிருந்து வந்தது.

யோசித்துச் சொன்னதில்லை. நாலு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த வாக்கியம், தானாக வந்துவிட்டது. அவர் ரகசியம் அவருடையது, அவரே கேட்கும்போது கொடுக்காமல் இருக்க எனக்கு என்ன உரிமை? அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்க. இப்ப எனக்குன்னு ஒரு போன் வச்சிருக்கேன்." நம்பரைச் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். இப்படி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வேண்டுமானால் மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், அவர் விருப்பமில்லை என்று முன்பே சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் கேஸுக்கு உயிர் உண்டு என்றார். அதில் ஒன்றரை வருஷம் போய்விட்டது. எங்கள் அறிக்கை வெளியாகிவிட்டது. பேசித் தீர்த்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை என்ற கணக்கில் அந்த வீடும் சேர்ந்திருக்கிறது. அலுவலகத்தில் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் முதலில், அந்தப் போனில் என்ன பேசினாய் என்று என்னைக் கேட்பார்கள்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்து அவர் ஒருமுறை கூப்பிட்டார். "கேட்டீங்களா மேடம்?" என்றார். கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்று பொய் சொன்னேன். மகள் கும்பகோணத்தில் நர்சிங் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். சந்தோஷம் என்றேன், மூன்று வருஷக் கெடுவைச் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி அவர் நம்பர். மேஜைமேல் போன் அடித்தது. எதிரில் இருந்த புதுப் பெண், "மேடம், உங்க போன்" என்றாள். தெரியும் என்றேன். ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை.